ஆயிரமாவது நாள்

ஏழு நாற்பதுக்கே கேட்டுக்குள் வந்து தொலைத்துவிட்டேன். எட்டு மணிக்குத்தான் பெல். அதுவரை இந்த வேப்பமரத்தடியில் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வலது கையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதோ வெல்டிங் செக்‌ஷன்காரன் ஒருவன் வருகிறான். “வாங்ணா, கை தேவலைங்ளா? பாத்ரூம்ல வழுக்கி உளுந்துட்டீங்ளாமா? பாத்து நடக்கறதில்லீங்ளா?” பார்த்து நடக்க வேண்டுமாம். அன்றைக்கு என் கையைச் சுற்றித் துணி கட்டியவனே இவன்தான். இவன் தோளில் கிடந்த துண்டுதான் அது. அதைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை. அவன் முகத்தை உற்றுப் பார்க்கிறேன், ஒரு கண்சிமிட்டலாவது இருக்கிறதா என்று. ஒன்றுமில்லை. நிஜமாகவே விசாரிக்கிறான். லேத்துக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து கத்தியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவன், என் வீட்டு பாத்ரூமைக் கற்பனையில் பார்த்து வருத்தப்படுகிறான். நானும் “ஆமாப்பா, சோப்புத் தண்ணி” என்கிறேன். என் வாய்தான் சொல்கிறது. சொல்லிவிட்டு ஈயென்று இளிக்க வேறு செய்கிறது. அந்த வாயை என்ன செய்தால் தகும். அவன் போய்விட்டான். அடுத்தவன் வருகிறான். இவனும் கேட்பான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற கம்பெனி இது, போர்வெல் மோட்டார் செய்கிறோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என் பாத்ரூம் தெரியும்.

கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்ளலாம் என்றால் அதுவும் போகாது. நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சட்டைப் பாக்கெட்டில் குமரகுரு கேட்டில் வைத்தே திணித்த காகிதம் இருக்கிறது. குமரகுரு எங்கள் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷப் பழக்கம். “நாச்சிமுத்தண்ணா, ஃபங்ஷன் முடிஞ்சதும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துருங், அப்பறம் மிஷினுக்குப் போயிறலாம்” என்றான். மிஷினுக்கு. அதே லேத்துக்கு. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று மரத்தடிக்கு வந்து படித்தேன். என் பெயரில் நானே எழுதியது மாதிரி டைப் அடித்திருக்கிறார்கள். எனது வீட்டில் வழுக்கி விழுந்து கையில் அடிபட்டதால் மருத்துவ விடுப்பில் இருந்தேன், தற்போது பூரண குணமடைந்துவிட்டபடியால் பணியில் சேர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணிவுடன். பூரண குணம். காலையில் சட்டைப் பித்தானை என் பெண்டாட்டி சுலோச்சனா போட்டுவிட்டாள். பல்லை இடது கையால் தேய்த்தேன். சாம்பார் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இதற்குப் பெயர் பூரண குணம். இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. இந்தக் கையோடு அந்த லேத்தில் ஒரு மாசம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பிறகு, வீட்டில் விழுந்து கையைக் கெடுத்துக்கொண்ட ஆளுக்குக் கம்பெனி என்ன செய்ய முடியும் என்று கேட்பார்கள். நாற்பத்தேழு வயதில் வெளியே அனுப்புவார்கள், சால்வை கூடப் போடுவார்கள். இங்கே அடிபட்டது என்று விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருந்தால், கைக்குத் தகுந்த வேலையைக் கேட்டு வாங்கலாம், இ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்கு உண்டானதைக் கேட்கலாம். ஒரு வரி. அந்த வரி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பாத்ரூம் இருக்கிறது.

அங்கே பந்தல் போட்டிருக்கிறார்கள். பலூன் கூட. ஆயிரமாவது நாளாம் இன்றைக்கு. விபத்தில்லா ஆயிரம் நாள். ஆபீஸ் சுவரில் அந்தப் பச்சைப் பலகை தொங்குகிறது, ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மேலே எழுத்து, கீழே ஆணிகள், ஆணிகளில் தகர நம்பர்கள். சனிக்கிழமை போட்ட 998 இன்னும் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத்தான் எண்ணுவது வழக்கம், திங்களன்று காலையில் இரண்டு கூட்ட வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் ‘1’ என்று மாட்டியவனே நான்தான். கைராசிக்காரன் என்று எனக்கு இந்தக் கம்பெனியில் ஒரு பெயர். புது மிஷின் வந்தால் நான்தான் சுவிட்ச் போட வேண்டும். எவனாவது வீடு கட்டினால் முதல் கல்லை எடுத்து வைக்க என்னைக் கூப்பிடுவான். பைக் வாங்கினால் சாவியை என் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வான். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பெயரால்தான் பலகையும் என்னிடம் வந்தது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய நம்பரைக் கழற்றி, புதிதை மாட்டி, துணியால் துடைத்துவிட்டு இறங்குவேன். நூறு வந்தது, ஐந்நூறு வந்தது. நான் லீவில் இருந்தபோது சேஃப்டி ஆபீசர் பிரணவே மாற்றினானாம். ஆயிரத்துக்கு நாலாவது ஆணி வேண்டும் அல்லவா, அதையும் அடித்துவைத்திருக்கிறான். புது ஆணி இங்கிருந்தே பளபளக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒவ்வொரு நாளும் இங்கே விபத்தில்லாத நாளாக ஏறியிருக்கிறது. என் கையை வைத்தே எண்ணியிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். மோட்டார் பாடி, அறுபது கிலோ வார்ப்பு, செயின் பிளாக்கில் தூக்கி லேத்தின் வாய்க்குக் கொண்டுவருகிறோம். என்னோடு லேத்தில் வேலை பார்க்கிற சென்னியப்பன் சங்கிலியை இழுக்கிறான், நான் கையால் அணைத்து வழி காட்டுகிறேன். கொக்கிக்கு ஒரு நாக்கு உண்டு, மாட்டிய கயிறு நழுவாமல் தடுக்கிற நாக்கு. அது உடைந்து நாலு மாசம் ஆகியிருந்தது. எழுதிக்கொடுத்தோம். வரும் வரும் என்றார்கள். கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி வேலையை ஓட்டினோம். கம்பி அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. சென்னியப்பன் “அண்ணா” என்றது மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தால் என் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. மீதி வார்ப்புக்கு அடியில். வலி உடனே வரவில்லை. ‘எடுங்கடா, எடுங்கடா’ என்று கத்தினேன், கை யாருடையதோ மாதிரி. எடுத்த பிறகுதான் வலி வந்தது, வந்தது போகவே இல்லை. இப்போதுகூட, நிற்கிறேன், காற்று அடிக்கிறது, உள்ளங்கையில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிறார்கள். சென்னியப்பன் இன்று கண்ணிலேயே படவில்லை. பந்தலுக்குப் பின்னால் நிற்கிறானோ என்னவோ. லீவில் ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினான். என் கையைப் பார்க்கவே இல்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இல்லையா? இருக்கிறது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பார்த்தேன் சார், கொக்கியில் நாக்கு இல்லை சார் என்று. யாரிடம் சொல்வான். நானே பாத்ரூம் என்கிறபோது அவன் என்ன சொல்வான்.

பாத்ரூம். அந்த பாத்ரூமுக்கு என்னவெல்லாம் ஆயிற்று. என் அக்கா வந்தாள், நேரே பாத்ரூமுக்குள் போய்க் காலால் தேய்த்துப் பார்த்தாள். “பாசி புடிச்சுக் கெடக்குது. பொம்பளையா இருந்தா இதயெல்லாம் பாக்கோணுமல்ல” என்று கூடத்தில் நின்று சொன்னாள், சுலோச்சனா காதில் விழ வேண்டும் என்றே. மச்சினன் ரப்பர் விரிப்பு வாங்கிவந்து போட்டான். பக்கத்து வீட்டம்மா தினமும் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி யோசனை சொன்னாள். ஊர் முழுக்க என் பெண்டாட்டி தரையைக் கழுவாதவள் என்று ஆகிவிட்டது. அவளுக்கு மட்டும்தான் நிஜம் தெரியும். முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாவது வாரம், அக்கா போன பிறகு, தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் ரசம் சிதறியது. “நம்மூட்டு பாத்ரூமுக்கும் ஒரு போர்டு மாட்டி வைங். இத்தன நாளா ஒருத்தரும் உளுகுலைன்னு தெனமும் எண்ணிப் போடுங். அந்த வேலைய நானே பாத்துக்கறன்.”   கம்பெனிக்காரன் பொய் சொல்லச் சொன்னான், நான் என்ன செய்ய என்று முனகினேன் போல இருக்கிறது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்துக் கையில் கொடுத்தாள். இன்று காலையில் பித்தான் போடும்போதும் அதே பார்வை. “கையெழுத்து கேட்டா என்ன பண்ணுவீங்?” “பாக்கலாம்.” “என்னத்தப் பாக்கறது?” கழுத்துப் பித்தானை இறுக்கமாகப் போட்டுவிட்டாள். இன்னும் இறுக்குகிறது, கழற்ற முடியவில்லை.

கம்பெனிக்காரன் பொய் சொல்லச் சொன்னான். இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்குள்ளேயே. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற காரின் பின்சீட்டில் நான் சாய்ந்திருந்தேன், குமரகுரு பக்கத்தில். குமரகுரு சொன்னான்: அண்ணா, வீட்டுல விழுந்ததா சொல்லிருங். இல்லை. குமரகுரு சொன்னான்: மேலே இருந்து போன் வந்தது, நம்பர் போயிடக் கூடாதாம். இல்லை, போன் பேசினான், யாரிடம் என்று தெரியாது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கேட்டான். “நாச்சிமுத்தண்ணா, ஆஸ்பத்திரில என்னன்னு சொல்றதுங்?” அவ்வளவுதான் கேட்டான். அதைக் கேட்டவுடன் எனக்குப் பலகை ஞாபகம் வந்தது. அன்று காலையில் நான் மாட்டிய 926. நானே ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றிப் பூஜ்யத்தை மாட்டுவதுபோல் தெரிந்தது. ஊரே பார்க்கிற மாதிரி தெரிந்தது. கைராசிக்காரன் கை. கை துண்டுக்குள் சொத சொதவென்று இருக்கிறது, நான் நம்பரைப் பற்றி யோசிக்கிறேன். “ஊட்டு பாத்ரூம்ல உளுந்துட்டன்னு சொல்லிக்கலாங்” என்றேன். நான்தான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. குமரகுருவின் கண் கலங்கிவிட்டது. என் இடது கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அப்போது பெரிய மனுஷன் மாதிரி இருந்தது, த்தூ. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார். “பாத்ரூம்ல விழுந்தா இப்படி நசுங்காதே?” தொட்டி மேலே சரிந்துவிட்டது என்றேன். சிமெண்ட் தொட்டி. எங்கள் வீட்டில் தொட்டியே கிடையாது. பிளாஸ்டிக் பக்கெட்தான். அவர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். வேறு என்ன செய்வார்.

கோபம் யார் மேல் என்று தேடினால் கடைசியில் எல்லாரும் நழுவி நான் மட்டும் நிற்கிறேன். அதனால் அவர்கள் யோக்கியர்கள் ஆகிவிடுவார்களா. நாலு மாசம் ஒரு கொக்கி நாக்கு வாங்காதவன் யோக்கியனா. நான் ஒரு தடவை சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் 927 மாட்டியவன் யோக்கியனா. ஆனால் நானும்தான் மாட்டியிருக்கிறேன். போன வருஷம் சென்னியப்பன் காலில் டிரம் விழுந்து பெருவிரல் நகம் பெயர்ந்தது. மாடு மிதித்துவிட்டது என்று லீவு எழுதினான். அவனிடம் மாடு கிடையாது. மறுநாள் காலையில் நான் ஸ்டூலில் ஏறி ஒன்று கூட்டிப் போட்டேன். கண்ணில் இரும்புப் பிசிர் தெறித்தவனுக்கு மெட்ராஸ் ஐ. முதுகு பிடித்துக்கொண்டவனுக்குக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டினேன், துணியால் துடைத்தேன், இறங்கினேன். எங்கள் ஊர் மாடுகளும் கல்யாணப் பந்திகளும் பாத்ரூம்களும் செய்கிற அநியாயத்தைப் பார்த்தால், மனுஷனுக்குப் பத்திரமான ஒரே இடம் இந்தக் கம்பெனிதான் என்று ஆகிறது. அன்றைக்கெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கை என்று ஆன பிறகுதான் எரிகிறது. இதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

பெல் அடித்துவிட்டது. வரிசை கட்டுகிறார்கள். ஆண்கள் இந்தப் பக்கம், வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் அந்தப் பக்கம். மேஜை நிறைய ஹாட் பாக்ஸ் அடுக்கியிருக்கிறது, ஆளுக்கு ஒன்று, மேலே ‘1000’ என்று அச்சடித்தது. பாதுகாப்பு உறுதிமொழியை பிரணவ் படிக்கிறான், எல்லாரும் திருப்பிச் சொல்கிறோம், வலது கையை முன்னால் நீட்டி. என் கையும் நீள்கிறது. எனது பாதுகாப்புக்கு நானே பொறுப்பு. முன்னால் நிற்கிற ஜி.எம். என் கையைப் பார்க்கிறாரா? பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்க்கிறார். காகிதம் சட்டைக்குள் மொடமொடக்கிறது. கையெழுத்தைத்தான் போட்டுத் தொலைப்போமே என்று ஒரு நினைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வாயில் விழ வேண்டாம். ஹாட் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய் சுலோச்சனாவிடம் கொடுப்போம். அவள் அதை எங்கே வீசுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்துகூட இப்போது என்னுடையது மாதிரி வருவதில்லை, ‘நா’ போட்டவுடன் பேனா நழுவி ஓடுகிறது. மைக்கில் பிரணவ் என் பெயரைச் சொல்கிறான். “நம்ம கைராசிக்காரர், இன்னிக்குத்தான் லீவு முடிஞ்சு வந்திருக்கார், ஆயிரத்தை அவர் கையாலயே மாட்டணும்னு ஜி.எம். சாரோட ஆசை.” கைதட்டுகிறார்கள். விசில் கூட. கால் நடக்கிறது. என்னைக் கேட்காமலே நடக்கிறது.

ஸ்டூலில் ஏறியாயிற்று. நம்பர் பை அதே இடத்தில், பலகைக்குக் கீழே, அதே மஞ்சள் பை. பிரணவ் ஒரு ஒன்றையும் மூன்று பூஜ்யங்களையும் எடுத்து நீட்டுகிறான். பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டினேன். ஒன்று மட்டும் நின்றது, பூஜ்யங்கள் மடங்காத விரல்களின் மேல் வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டன. கூட்டத்தில் யாரோ “அச்சச்சோ” என்றார்கள். பிரணவ் குனிந்து பொறுக்குகிறான். நான் இடது கையால் ஒன்பதைக் கழற்றினேன். இன்னொரு ஒன்பது. எட்டு. வெறும் ஆணிகள். இவ்வளவு நாளில் இந்தப் பலகையை நான் வெறுமையாகப் பார்த்ததே இல்லை, ஒன்றைக் கழற்றியவுடன் ஒன்றை மாட்டிவிடுவேன். என்ன நம்பர் மாட்ட வேண்டும்? கேள்வி கேட்டவுடன் மனசு தானாகவே கூட்ட ஆரம்பித்தது, அதுதானே அதற்குத் தெரிந்த வேலை. கை நசுங்கியது ஜூன் இருபது, வியாழக்கிழமை. அது பூஜ்யம். ஜூனில் மிச்சம் பத்து. ஜூலை முப்பத்தொன்று, நாற்பத்தொன்று. ஆகஸ்ட் முப்பத்தொன்று, எழுபத்திரண்டு. நேற்று ஒன்று, இன்று ஒன்று. பையில் கையை விட்டு ஏழை எடுத்தேன். இரண்டாவது ஆணியில் மாட்டினேன். நாலை எடுத்தேன்.  மாட்டினேன். துணி இல்லை, சட்டை நுனியால் துடைத்தேன்.

கைதட்டல் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. “அண்ணே, நம்பர் தப்பு” என்றான் பிரணவ், மைக்கை மூடிக்கொண்டு. “தப்பில்லீங் சார். எண்ணிப் பாருங். கம்பி அறுந்து எம்பட கை நசுங்கி இன்னியோட எழுவத்தி நாலு நாள். லேத்துல. பாத்ரூம்ல இல்லீங்.” மைக் மூடியிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது, நான் கத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குமரகுரு ஓடி வருகிறான், “அண்ணா, எறங்குங், பேசிக்கலாங்” என்கிறான். சட்டைப் பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். “இதுல கையெழுத்துப் போட மாட்டேன் குமரகுரு. மொதல்ல பதிவேட்டக் கொண்டா. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்னது பொய், அதையுஞ் சேத்தி எழுதிக்கோ.” ஜி.எம். எழுந்து நிற்கிறார். ஆண்கள் வரிசையில் ஒருத்தன், “ஏனுங்ணா, இன்னிக்குத்தானா இதயச் சொல்லோணும்?” என்கிறான். ஹாட் பாக்ஸ் மேஜையையும் பார்த்துக்கொள்கிறான். சென்னியப்பனைத் தேடுகிறேன். கடைசி வரிசையில் நிற்கிறான். தலை குனிந்திருக்கிறான். பேசுடா. பேச மாட்டான். யாரும் பேச மாட்டார்கள். இந்த ஸ்டூலில் நான் மட்டும் நின்று இறங்கி, அப்படியே கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான் என்று தோன்றியது.

“அந்த நெம்பரு தப்புத்தானுங்ணா.” பெண்கள் பக்கத்திலிருந்து. பார்த்தால் வைண்டிங் செக்‌ஷன் அமுதவல்லி. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றி வார்னிஷில் முக்குகிற வேலை அவளுக்கு. என்னோடு ஐந்து வார்த்தை பேசியிருப்பாளா, சந்தேகம். நீயுமா என்று எனக்கு ரத்தம் ஏறியது. அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். யூனிபார்ம் சட்டையின் முழுக்கையை முழங்கைவரை சுருட்டினாள். உள்ளே கட்டு. கட்டுக்கு மேலேயும் கீழேயும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. “சூடு வார்னிஷுங். எண்ணெய்ச் சட்டி கவுந்துருச்சுன்னு சொல்லச் சொன்னாங், சொன்னனுங். லீவுங்கூட எடுக்குல.”  “பாஞ்சு நாளா ஆயிருக்கும்? இல்லீங், போன வாரத்துக்கு முந்தின வியாழக்கெழம. பதனொண்ணு. பதனொண்ணு போடுங்ணா.”  குமரகுரு காகிதத்தை மடிக்கிறான், மறுபடி பிரிக்கிறான். நான் ஏழைக் கழற்றினேன். நாலைக் கழற்றினேன். என் வலது கையில் அந்த ஒன்று இன்னும் சிக்கிக்கொண்டு நின்றது, அதை எடுத்து மாட்டினேன். இன்னொரு ஒன்று வேண்டியிருந்தது. பைக்குள் கையை விட்டுத் தேடினேன்.